கால்வாசி காலி

முருகதாஸின் கக்கத்தில் இருந்த சேவல் அவருடைய காதுக்குள்ளேயே ஒரு கூவல் கூவியது. பந்தலில் நின்ற பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்காதவள் நந்தனா ஒருத்திதான்.

"ஜெயிச்சது நான், கூவுறது சேவல். நீங்க எதுக்கு மேடம் மொகத்த உப்பிக்கிட்டு நிக்குதீங்க?"

"ரெண்டாயிரத்து அம்பத்தொண்ணு," என்றாள் நந்தனா, பல்லைக் கடித்துக்கொண்டு. "இருக்கவே முடியாது அண்ணாச்சி."

"தோத்தவங்க எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க."

தக்கலையில் ஒரு செல்போன் கடையின் மாடியில் இருக்கும் ஒற்றை அறைத் துப்பறியும் நிலையத்துக்கு நந்தனா முதலாளி. ஒரே ஊழியர் முருகதாஸ். அவளை விட இருபது வயது மூத்தவர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாயை மட்டும் ஓய்வு பெற வைக்க அவரால் முடியவில்லை.

மார்த்தாண்டத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த கொன்னவிளையில் அன்றைக்கு அறுப்பின் பண்டிகை. கிறிஸ்தவக் கோயில் முற்றத்துப் பந்தலில் வாழைக்குலை, பூசணிக்காய், மரச்சீனிக் கிழங்கு, காலைக் கட்டிப்போட்ட கோழிகள் எல்லாம் சாயங்கால ஏலத்துக்காகக் காத்துக் கிடந்தன. நடுவில் ஒரு மீன்தொட்டி. மீன் இல்லை, விளிம்பு வரைக்கும் பெரிய பெரிய வண்ணக் கோலிகள். ‘உள்ளே எத்தனை?’ என்று சபையின் மகளிர் சங்கமான பெண்கள் ஐக்கியம் வைத்த போட்டி அது. நெருங்கிச் சொன்னவருக்குச் சேவல்.

நந்தனா சும்மா எழுதவில்லை. கைப்பையிலிருந்து டேப்பை எடுத்துத் தொட்டியை அளந்து, போனில் கணக்குப் போட்டு, மூவாயிரத்து நூறு என்று எழுதினாள். முருகதாஸ் தான் கடைசியாக வேலை பார்த்த பஸ்ஸின் நம்பரை எழுதினார். ரெண்டாயிரத்து நாற்பத்து நாலு. ஐக்கியத்தார் எண்ணி அறிவித்தது ரெண்டாயிரத்து ஐம்பத்தொன்று. சேவல் அவர் கக்கத்துக்கு வந்துவிட்டது.

ஆனால் அவர்கள் சேவலுக்காக இங்கே வரவில்லை.

வரவழைத்தவன் ரிஜோ. மார்த்தாண்டத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன். அவனுடைய அம்மா ஜெபகனி செய்யும் பிளம் கேக் அந்தச் சபையில் பெரிய விஷயம். ஒவ்வொரு வருஷமும் ஏலத்தில் கடைசியாக அதுதான் வரும். அதற்காகவே ஆட்கள் பொழுது சாயும்வரை காத்திருப்பார்கள். நேற்று டின்னோடு ஐக்கியத்து அறையில் வைத்த கேக், இன்று காலையில் டின்னோடு காணோம். பூட்டு உடையவில்லை. சாவி இருந்தது இரண்டே பேரிடம். ஒன்று ஜெபகனி, மற்றது அவள் மருமகள் ஜெஸ்பின். முந்தாநாள் மாமியும் மருமகளும் அடுக்களையில் சத்தம் போட்டுச் சண்டை பிடித்ததை அக்கம்பக்கம் கேட்டிருந்தது. ஊருக்கு அது போதுமே!

ஜெஸ்பினை முகத்துக்கு நேரே யாரும் களவாணி என்று சொல்லவில்லை. அவள் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். அவள் நேரே வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து ரிஜோவின் காரில் உட்கார்ந்துவிட்டாள். திருவட்டாறிலிருந்து அவளுடைய அப்பா யோவான் சாயங்காலம் வந்து அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தார்.

"இந்தப் பேரோட அவ அப்பா வீட்டுக்குப் போனா, பின்னே திரும்ப வரமாட்டா சார்," என்று முருகதாஸிடம் சொன்னான் ரிஜோ, காரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே.

மதியம் வரைக்கும் விசாரித்ததில் ஒன்றும் தேறவில்லை. ஜெஸ்பின் மூன்று வாக்கியம்தான் பேசினாள். "சண்டை உண்டு. எதுக்குன்னு சொல்லமாட்டேன். கேக்க நான் எடுக்கல்ல." ஜெபகனியோ சமையல் கொட்டகையில் நின்றுகொண்டு நிறையப் பேசினாள். உலர்ந்த திராட்சையை எத்தனை மாசம் ஊறப்போட வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பித்தாள். பக்கத்து அண்டாவில் சாம்பார் அடிபிடித்து, வாடை முருகதாஸின் மூக்கைத் துளைத்தது. சமையல்காரர்கள் துடுப்போடு ஓடி வந்தார்கள். அவள் அசையாமல் திராட்சையிலேயே நின்றாள். கடைசியில், "யாருமேலயும் பழி போட எனக்கு மனசில்ல," என்று ஒரு பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சு பழியைக் கொண்டுபோய் மருமகள் தலையில் பத்திரமாக வைத்தது.

துப்பு இல்லாமல் நின்ற நேரத்தில்தான் போட்டியின் முடிவு வந்து, நந்தனாவின் முகம் உப்பியது.

"மேடம், கேக்கத் தேடுவோம். கோலிய விடுங்க."

"விடமாட்டேன். இஞ்ச வாங்க."

ஏலத்துக்கு வைத்திருந்த ஆரஞ்சுக் கூடையிலிருந்து நாலு பழத்தை எடுத்துச் சதுரமாக வைத்தாள். அவற்றின் தலைக்கு நேர் மேலே இன்னும் நாலு.

"இப்படித் தலைக்கு மேல தலையா அடுக்கினா, பெட்டியில நூத்துக்கு அம்பத்திரண்டு பங்கு பழம். மீதி காத்து." சொல்லி முடிப்பதற்குள் மேலே இருந்தது ஒன்று உருண்டது. முருகதாஸ் சேவலை நழுவவிடாமல் மறுகையால் அதைப் பிடித்தார். "இப்ப பாருங்க. மூணு பழத்தச் சேத்து வச்சா நடுவுல ஒரு பள்ளம். அடுத்ததை அந்தப் பள்ளத்துல உக்கார வைக்கணும். சந்தையில பழக்கடைக்காரர் கோபுரம் கட்டுறது இப்படித்தான். இதுல நூத்துக்கு எழுபத்துநாலு பழம். அதுக்கு மேல நெருக்க எவனாலயும் முடியாது. எந்த வித்தை காட்டினாலும் கால்வாசியும் கொஞ்சமும் காலியாத்தான் கெடக்கும்."

"யாரு சொன்னா? நூறு பேரு ஏறவேண்டிய பஸ்ஸுல நூத்தம்பது ஏத்தினவன் நான். ‘உள்ள போங்க, உள்ள போங்க’ன்னு ரெண்டு சத்தம்..."

"மனுஷன் நசுங்குவான் அண்ணாச்சி. கோலி நசுங்காது."

முருகதாஸ் வாயை மூடினார். அபூர்வம்தான்.

"கெப்ளர்னு ஒரு வானியல்காரரு நானூறு வருஷத்துக்கு முன்ன சொன்னது," நந்தனா தொடர்ந்தாள். "கப்பல்ல பீரங்கிக் குண்டை எப்படி அடுக்குறதுன்னு யாருக்கோ வந்த சந்தேகத்துல தொடங்கின சோலி. ‘இதுக்கு மேல நெருக்கமில்ல’ன்னு எழுதி வச்சாரு, நிரூபிக்கல்ல. நிரூபணம் 1998லதான் வந்துது, அதுவும் கம்ப்யூட்டர வச்சு. செரி பாத்த நிபுணருங்க, ‘தொண்ணூத்தொம்பது சதவீதம் செரி, மீதி எங்களால ஆகாது’ன்னு கைய விரிச்சிட்டாங்க. அந்த ஒரு சதவீதத்துக்காக அந்த மனுஷன் கூட்டம் சேத்து, கம்ப்யூட்டரையே வரி வரியா செரி பாக்க வச்சாரு. அதுக்கு மேலயும் பத்துப் பதினஞ்சு வருஷம் ஆச்சு."

"நாலு நூறு வருஷமா? சந்தையில வந்து கேட்டிருந்தா உடனே சொல்லியிருப்பாங்களே."

"இப்படி அடுக்கலாம்னு சொல்லுவாங்க. இதவிட நல்லா ஒருத்தனாலயும் அடுக்க முடியாதுன்னு எப்படிச் சொல்லுவாங்க? உலகத்துல உள்ள அத்தனை அடுக்கையும் அடுக்கிப் பாத்தாலும் தீராதே. அதுலதான் கஷ்டம். எட்டுப் பரிமாணத்துல இதே கேள்விய உக்ரைன்காரி ஒருத்தி தீத்து வச்சா. அவளுக்கு கணக்குல உள்ள ஒசந்த பரிசு கெடச்சுது."

"எட்டா? எனக்கு மூணுலயே தலை சுத்துது. சேவலுக்கும் சுத்துது பாருங்க, கண்ண மூடிட்டு."

நந்தனா தொட்டியைச் சுட்டினாள். "இத யாரும் அடுக்கல்ல, கொட்டினது. சும்மா கொட்டிக் குலுக்கினா நூத்துக்கு அறுபத்துநாலு நிக்கும். தொட்டி நாப்பது லிட்டர். கோலிய உருக்கி ஊத்தினா ஏறத்தாழ ஐயாயிரம் பிடிக்கும். அதுல அறுபத்துநாலு பங்குன்னா மூவாயிரத்து இருநூறு. கண்ணாடி ஓரத்துல நெருக்கம் கொஞ்சம் குறையும்னு நூறு தள்ளினேன். இவங்க சொன்ன எண்ணிக்கை நூத்துக்கு நாப்பத்தொண்ணுதான் வருது. தலைக்கு மேல தலையா அடுக்கினாக்கூட அவ்வளவு குறையாதே!"

"ஆயிரம் கோலி கொறையுதுன்னு சொல்லுதீங்க."

"ஆயிரம் கொறையுது. ஆனா தொட்டி நெறஞ்சு நிக்குது."

முருகதாஸ் தொட்டியைப் பார்த்தார். பச்சை, நீலம், மஞ்சள். கண்ணாடியை ஒட்டி எங்கு பார்த்தாலும் கோலிதான். ஆனால் கண்ணாடி காட்டுவது ஓரத்தை மட்டும்தானே? நடுவில் என்ன இருக்கிறது என்று யார் கண்டது?

"மேடம்..." என்றார். குரல் தானாகவே இறங்கியது. "கேக் டின் எவ்வளவு பெருசு?"

"ஆயிரம் கோலி அளவு," என்றாள் நந்தனா.

அவர்கள் ஐக்கியத்து அறையின் பின்பக்கம் போனார்கள். அங்கே அசனம் என்ற பொது விருந்துக்கான அரிசி மூட்டைகள் சுவரோரமாக இருந்தன. யோசிப்பதற்கு வசதியாக முருகதாஸ் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார், உட்கார்ந்த வேகத்தில் "அம்மே!" என்று எழுந்தார். சேவல் சாடிப் பறந்து, அடுத்த மூட்டையில் போய் நின்றது.

"அரிசி இந்தக் குத்து குத்துமா?"

நந்தனா மூட்டைக் கட்டை அவிழ்த்தாள். அரிசி இல்லை. பச்சை, நீலம், மஞ்சள்.

ரிஜோவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "கோலி மூவாயிரத்துச் சொச்சம் நான்தான் வாங்கிட்டு வந்தேன்," என்றான். "நேத்து மத்தியானம் கேக் டின்ன அந்த ரூம்ல வச்சோம். அதுக்குப் பொறவு அம்மையும் ஜெஸ்பினும் அங்க இருந்துதான் தொட்டிய நெரப்பினாங்க. கொஞ்ச நேரம் அவ தனியா இருந்திருப்பா, கொஞ்ச நேரம் அம்ம..." சொல்லிக்கொண்டே வந்தவனின் முகம் சட்டென்று வாடிவிட்டது. தன் வாயாலேயே மனைவியைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவன் நகர்ந்ததும் முருகதாஸ் நந்தனாவின் பக்கத்தில் வந்தார். மேடம் என்று கூப்பிட மறந்துபோனார். "மக்கா, கேக்கக் கண்டுபிடிச்சுக் குடுத்து அந்தப் பிள்ளையத்தான் மாட்டிவிடப் போறோமா? காருக்குள்ள அவ இருக்க இருப்பப் பாத்தியா நீ?"

"இப்போதைக்கு ரெண்டு பேருக்கும் சமம்தான் அண்ணாச்சி. யாருன்னு பிரிச்சுப் பாக்க எனக்கு ஒரு வாளி வெள்ளம் வேணும்."

தொட்டியை இளவட்டங்கள் சேர்ந்து அறைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். போதகர் ஆன்ஸ்லின் வந்தார். எந்தப் பக்கமும் சாயாமல் பேசிப் பேசிக் கழுத்தே நேராகிவிட்ட மனிதர். ஜெபகனி நாற்காலியில் உட்கார்ந்தாள். ரிஜோ கெஞ்சிக் கூட்டிவந்த ஜெஸ்பின், வாசலை விட்டு உள்ளே வராமல் நின்றாள். ஜன்னல் முழுக்கப் பெண்களின் தலைகள்.

நந்தனா கோலி மூட்டையைக் காட்டி, கணக்கைச் சொல்லி முடித்தாள்.

"எண்ணினதுல தப்பு வந்திருக்கும்," என்றாள் ஜெபகனி. "வயசான காலத்துல ஆயிரக்கணக்குல எண்ணினா கை தெத்தத்தானே செய்யும்?"

"வரலாம் அம்மா. அதுக்குத்தான் இந்த வாளி. உள்ள வெறும் கோலிதான்னா, சந்துல எல்லாம் காத்துதான். பதினாலு லிட்டர் வெள்ளம் சுகமா எறங்கும். பழக்கடைக்காரர் மாதிரி அடுக்கியிருந்தாக்கூட பத்து லிட்டருக்கு மேல எறங்கியே ஆகணும். உலகத்துல எந்தக் கோலியும் கால்வாசிக்குக் கொறச்சு எடம் விடாது. பத்து லிட்டர் எறங்கும் முன்ன தொட்டி வழிஞ்சா, உள்ள கோலி அல்லாத்த ஒண்ணு இருக்குன்னு அர்த்தம். கேக் டின்னாத்தான் இருக்கும்னு எனக்குத் தோணுது."

"அப்படின்னா கேக் நனைஞ்சு போகுமே?" என்றார் போதகர்.

"மூடி எறுக்கமா இல்லேன்னா போகும் ஐயா. கையால கோலிய அள்ளினாலும் ஆகும், நேரம் பிடிக்கும். கேக்குக்குச் சொந்தக்காரங்களே சொல்லட்டும்."

எல்லோரும் ஜெபகனியைப் பார்த்தார்கள்.

"ஊத்துங்க," என்றாள் அவள்.

நந்தனா மக்கில் தண்ணீரை மெதுவாக மொண்டாள். அவ்வளவு மெதுவாக அவள் எதையும் செய்து முருகதாஸ் பார்த்ததில்லை.

"மக்கு எதுக்கு? வாளியோட கவுத்துங்க!" ஜெபகனி எழுந்தே விட்டாள். வாளியின் கைப்பிடியை அவளே பிடித்துத் தூக்கினாள்.

"வேண்டாம்!"

வாசலிலிருந்து பாய்ந்து வந்தவள் ஜெஸ்பின். மாமியின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வாளி ஆடித் தண்ணீர் அவள் சேலையை நனைத்தது. "எத்தன மாசம் ஊறப்போட்டு, எத்தன பாடுபட்டுச் செஞ்சீங்க மாமி! நனைஞ்சா போச்சே! நான் அள்ளுதேன். கையாலயே அள்ளுதேன்."

வேறு யாரையும் எதிர்பார்க்காமல் அவள் அள்ள ஆரம்பித்தாள். ரிஜோ ஓடிவந்து சேர்ந்துகொண்டான். கோலிகள் தரையெல்லாம் உருண்டு, போதகரின் காலடியில் போய் நின்றன. கொஞ்ச நேரத்தில் கோலிகளுக்கு நடுவே சிவப்புப் பூப்போட்ட தகர மூடி தெரிந்தது.

ஜன்னலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "பாத்தியா, அவளுக்கு எடம் தெரிஞ்சிருக்கு!"

டின் கிடைத்துவிட்டது, பழியும் கூடவே கிடைத்துவிட்டதா? முருகதாஸ் நந்தனாவைப் பார்த்தார். அவளோ ஜெஸ்பின் பக்கம் திரும்பவே இல்லை. டின்னைத் திறந்து, பளபளவென்று கறுத்திருந்த கேக்கில் ஒரு துண்டு வெட்டி அவரிடம் நீட்டினாள்.

"தின்னுங்க அண்ணாச்சி."

இந்த மாதிரி உத்தரவுகளுக்கு முருகதாஸ் மறுப்புச் சொல்வதே இல்லை. மொத்தத் துண்டையும் வாய்க்குள் போட்டார். ஒரு கடி. இரண்டாவது கடிக்குத் தாடை மறுத்துவிட்டது. முட்டம் கடல் முழுவதும் அலையோடு எழும்பி நாக்கில் வந்து அடித்தது போலிருந்தது. கண்ணில் நீர் கட்டியது. "உப்பு..." என்று நந்தனாவிடம் முனகிவிட்டு, துப்பவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் அவர் போதகரைப் பார்த்தார். போதகர் நல்லவர், வேறு பக்கம் பார்த்தார்.

நந்தனா அடுத்த துண்டை ஜெபகனியிடம் நீட்டினாள். "நீங்களும் ருசி பாத்துச் சொல்லுங்கோ அம்மா. கொஞ்சம் உப்பு தெரியுதோ?"

ஜெபகனி வாங்கிக்கொண்டாள். வாயில் போட்டு மென்றாள். நிதானமாக, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டில் உட்கார்ந்து தின்பதுபோல மென்று விழுங்கினாள். முகத்தில் ஒரு சுளிப்புக் கூட இல்லை.

"லேசாத்தான் கூடிப்போச்சு," என்றாள்.

முருகதாஸ் டின்னில் மிச்சமிருந்த கேக்கையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். உயிருள்ள மனிதர் யாரும் அந்தக் கேக்கை அந்த முகத்தோடு தின்ன முடியாது.

"அந்த ஜன்னல சாத்துங்க அண்ணாச்சி," என்றாள் நந்தனா. சாத்தியதும் ஜெபகனிக்கு முன்னால் குனிந்து, மெல்லக் கேட்டாள். "எப்ப இருந்து அம்மா?"

"என்ன எப்ப இருந்து?"

"மத்தியானம் சாம்பார் அடிபிடிச்சு ஊரே மூக்கப் பொத்திச்சு. நீங்க அண்டாவுக்குப் பக்கத்துல நின்னீங்க. ஒண்ணும் தெரியல்ல உங்களுக்கு. இப்ப இந்த உப்பும் தெரியல்ல. காலையில இருந்து கேக்கக் காணோம்னு அழுதவங்க, உள்ள இருக்கும்னு நான் சொன்ன பொறவும் வாளியோட கவுக்கச் சொல்லுதீங்க. கையப் பிடிச்சுத் தடுத்தது நீங்க பழி போட்ட பிள்ளை."

ஜெபகனி சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள். "மழையில ஒரு காச்சல் வந்துதுல்லா? அதோட போச்சு. மூக்கும் இல்ல, நாக்கும் இல்ல. மீன்கறியும் பச்சத் தண்ணியும் எனக்கு ஒண்ணுதான். வெளிய சொன்னா, அடுக்களைய மருமோள்ட்ட குடுத்திட்டுச் சும்மா இருன்னு சொல்லுவீங்க. கேக் இல்லேன்னா இந்தச் சபையில நான் யாரு?"

"அடுக்களையில உப்புப் பொடி டின்னும் சீனிப் பொடி டின்னும் மாறிப்போச்சு," என்றாள் ஜெஸ்பின் தரையைப் பார்த்துக்கொண்டே. "ஓரத்துல பிச்சுத் தின்னு பாத்திட்டு, உப்பா இருக்கு மாமின்னு சொன்னேன். எனக்க கேக்குக்கு நீ உப்பு பாக்குதியான்னு ஏசினாங்க. அதுதான் சண்டை."

"இவ அந்தப் பக்கம் போன பொறவு நானும் தின்னு பாத்தேன்," என்றாள் ஜெபகனி. "மண்ணத் தின்னது போல இருந்துது. இவ சொன்னது நெசமா பொய்யான்னு பாக்க எனக்கு வழியில்ல. நெசமா இருந்து, ஏலத்துல எடுத்தவன் நாலு பேரு முன்னால வெட்டித் தின்னா? வெளிய எறியவும் பயம். நாய் மோந்திட்டு விட்டாலும் நாலு பேரு கேப்பாங்க. தொட்டி எப்படியும் பண்டிகை முடிஞ்சா எனக்க கைக்குத்தான் வரும். அதுல வச்சிட்டா..."

"ஏட்டி, இத நீ எங்கிட்டயாவது சொல்லக்கூடாதா?" ரிஜோ மனைவியைக் கேட்டான்.

"மாமிக்க கேக்குல உப்புன்னு சொல்லித்தான் எனக்க பேரக் காப்பாத்தணுமா?"

முருகதாஸுக்குச் சொல்வதற்கு வேடிக்கையாக ஒன்று தோன்றியது. வாயிலிருந்த உப்போடு சேர்த்து அதையும் விழுங்கினார்.

போதகர் தொண்டையைக் கனைத்தார். "இத நாம இந்த ரூமுக்குள்ளயே ஜெபத்தோட முடிச்சிடலாம். வெளிய, கேக் கெடச்சுதுன்னு மட்டும் அறிவிப்போம்."

"பழி வெளியத்தான் போட்டாங்க ஐயா," என்றாள் நந்தனா.

ஜெபகனி எழுந்தாள். டின்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கதவைத் திறந்து, ஜன்னலில் ஒட்டிக் கிடந்த பெண்களின் நடுவே வழி விலக்கிக்கொண்டு பந்தலுக்குப் போனாள். ஏலம் போடுகிறவர் பூசணிக்காயைத் தூக்கிப் பிடித்திருந்தார். அவர் கையிலிருந்த மைக்கை அவள் வாங்கினாள்.

"கேக்கக் களவாண்டது நான்தான்," என்றது ஒலிபெருக்கி. பூசணிக்காய் அந்தரத்தில் நின்றது. "அதுல சீனிக்குப் பதில் உப்பு. எனக்கு மோப்பமும் ருசியும் போயி மாசக்கணக்காச்சு. அந்த வெக்கத்துல ஒளிச்சு வச்சேன். எனக்க மருமோளுக்கு இதுல ஒரு பங்கும் இல்ல. அவளப் பேசின வாயெல்லாம் என்னப் பேசட்டும்."

டின்னை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அவள் பின்னாலேயே வந்திருந்த ஜெஸ்பின் வழியில் நின்றாள்.

"மைக்குல சொன்னது செரி மாமி," என்றாள். கண் சிவந்திருந்தது, குரல் அசையவில்லை. "எனக்க மொகத்தப் பாத்து நீங்க சொல்லல்ல."

இத்தனை பேர் முன்னால் மைக்கில் பேசியவளுக்கு, ஒருத்தி முகத்தைப் பார்ப்பது அவ்வளவு எளிதாக இல்லை. தலை இரண்டு முறை எழும்பித் தாழ்ந்தது. மூன்றாவது முறை நின்றது.

"தப்பு எனக்கத்தான் மோளே."

சரியாக அந்த நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. அடித்துச் சாத்திய கதவின் சத்தத்திலேயே வந்தவரின் மனநிலை தெரிந்தது. ஜெஸ்பினின் அப்பா யோவான். திருவட்டாறிலிருந்து வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வசனங்கள் நெஞ்சு நிறைய இருந்தன. கோபத்தில் மதியச் சோறும் உண்ணவில்லை. பந்தலுக்குள் வேகமாக வந்தவர், மகளும் சம்பந்தியும் எதிரெதிரே நிற்பதைக் கண்டு ஏல மேசைக்கு அருகில் நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது. கை தன்னால் போய் டின்னிலிருந்து ஒரு பெரிய துண்டு கேக்கை எடுத்தது. எடுத்த கை அதை வாயில் வைத்தது.

"ஐயோ..." என்று முருகதாஸ் கையை நீட்டுவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

பந்தலே அவர் வாயைப் பார்த்தது. யோவானின் தாடை நின்றது. கண் பெரிதாகியது. நெற்றி நரம்பு புடைத்தது. சண்டை பிடிக்க வந்தவர்தான். ஆனாலும் எதிரில் நின்று கண்ணீரோடு பார்க்கிறவள் சம்பந்தி. வாயில் இருப்பது அவள் செய்த பலகாரம். பிறந்ததிலிருந்து கற்ற மரியாதை கோபத்தை ஒரே அமுக்காக அமுக்கியது. கஷ்டப்பட்டு மென்றார். அதைவிடக் கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"கொள்ளாம் சம்பந்தி," என்றார், குரல் கம்ம. "எப்பவும் போல... நல்லா இருக்கு."

முதலில் சிரித்தவள் ஜெஸ்பின். அடக்கப் பார்த்து, முடியாமல், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் ஜெபகனி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. பிறகு பந்தல் முழுக்க. எதற்கு என்று புரியாமல் யோவான் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

ஜெஸ்பின் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"அப்பா, இந்த வெள்ளத்தக் குடியுங்கோ. குடிச்சிட்டு, நீங்க மட்டும் கெளம்புங்கோ."